புள்ளி மறைந்ததும் மீன் பிழைத்ததா?

வண்ணமீன் கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "அண்ணே, மீன் மேல உப்பு தூவின மாதிரி புள்ளி புள்ளியா இருக்கு" என்பார் வந்தவர். தொட்டி எத்தனை அடி என்று மட்டும் கேட்டுவிட்டு, கடைக்காரர் ஒரு நீல மருந்துப் புட்டியை எடுத்து வைப்பார். "பத்து சொட்டு விடுங்க, மூணு நாள்ல போயிடும்." அவர் சொன்னது பெரும்பாலும் பலிக்கவும் செய்யும், மூன்று நான்கு நாளில் புள்ளிகள் காணாமல் போகும். ஆனால் மருந்தே விடாமல் இருந்திருந்தாலும் அந்தப் புள்ளிகள் ஏறக்குறைய அதே நாட்களில் உதிர்ந்திருக்கும். அடுத்த வாரம் அவை பல மடங்காகத் திரும்பி வரும்போது, மருந்து போதவில்லை என்று இன்னும் பத்து சொட்டு கூடுதலாக விழும். வீட்டு மீன் வைத்தியத்தின் பெரும் பிழைகள் இந்த மூன்று நாள் மயக்கத்தில்தான் தொடங்குகின்றன. மருந்து விட்டோம், அறிகுறி போனது, ஆகவே மருந்து குணப்படுத்தியது என்ற கணக்கு மீன் தொட்டிக்குள் அடிக்கடி பொய்த்துப்போகிறது. ஏன் பொய்க்கிறது என்று பார்த்தால், மருந்துப் புட்டியைத் தேடுவதற்கு முன் தண்ணீரைப் பார்க்க வேண்டியதன் காரணமும் விளங்கிவிடும்.

வெள்ளைப் புள்ளி நோயைத் தருவது இக்தியோஃப்தீரியஸ் மல்டிஃபிலிஸ் என்ற ஒற்றைச் செல் உயிரி. 1876-லேயே அறிவியல் உலகத்துக்கு அறிமுகமாகிவிட்ட பழைய எதிரி இது. உடல் முழுக்க நுண்மயிர் அடர்ந்த இந்த உயிரி மீனின் மேல்தோலைத் துளைத்து உள்ளே போய், தோலடுக்குக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, சுற்றிச் சுற்றித் திசுவைத் தின்று வளர்கிறது. நாம் காணும் ஒரு மில்லிமீட்டர் புள்ளி, அதைப் போர்த்தியிருக்கும் மீனின் சொந்தத் தோல். தண்ணீரில் கரைத்த மருந்து அந்தப் போர்வையைத் தாண்டி அதைத் தொடுவதில்லை. வளர்ச்சி முடிந்ததும் அது தானாகவே தோலைக் கிழித்துக்கொண்டு வெளியேறி, கீழே கூழாங்கல்லிலோ செடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிப் பிசுபிசுப்பான உறையைக் கட்டிக்கொள்கிறது. அந்த உறைக்குள்ளும் மருந்து நுழைவதில்லை. உறைக்குள் அது இரண்டாக, நான்காக, எட்டாகப் பிளந்து பல நூறு குஞ்சுகளாகும்; ஆயிரம் வரைகூடப் போவதுண்டு. உறை உடைந்து அந்தக் குஞ்சுகள் மீனைத் தேடித் தண்ணீரில் நீந்தும் ஒன்றிரண்டு நாள்தான் அவை மருந்துக்கு அகப்படும் நேரம். அதற்குள் ஒரு மீன் கிடைக்காவிட்டால் அவை தாமாகவே மடிந்துவிடும்.

புள்ளிகள் மறைவது என்பது ஒட்டுண்ணி பெருகுவதற்காகக் கீழே இறங்கியிருப்பதுதான். அந்த நேரத்தில் வைத்தியத்தை நிறுத்துவதைவிடப் பெரிய உதவியை அதற்கு யாரும் செய்துவிட முடியாது. இந்தச் சுற்று எத்தனை நாளில் முடியும் என்பதைத் தண்ணீரின் வெப்பம் தீர்மானிக்கிறது. 25 பாகை செல்சியஸ் அளவில் ஏறக்குறைய ஒரு வாரம். 10 பாகைக் குளிரில் ஒரு மாதத்துக்கும் மேல். நம் ஊர்த் தண்ணீர் வெதுவெதுப்பானது என்பதால் ஒருநாள் விட்டு ஒருநாள் மருந்தும் பகுதித் தண்ணீர் மாற்றமுமாக, கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடர்ந்தால்தான் ஒவ்வொரு அணியாக வெளிவரும் குஞ்சுகளையும் பிடிக்க முடியும். மருந்தே இல்லாத வழியும் ஒன்று உண்டு. மீன்களைத் தினமும் ஒரு புதிய டப்புக்கு மாற்றி, பழைய டப்பைக் கழுவி வெயிலில் காயவைத்தால், கீழே விழுந்த உறைகளெல்லாம் பழைய டப்போடு போய்விடும். அதே நாட்களில் மீனில்லாமல் கிடக்கும் தொட்டியில் வெளிவரும் குஞ்சுகள் பட்டினியில் சாகும். அலுப்பான வேலைதான். ஆனால் ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுற்றை மட்டுமே ஆயுதமாக்கும் இந்த வழி ஏன் பலிக்கிறது என்று யோசித்தால், சொட்டுக் கணக்கைவிட நாள் கணக்கு முக்கியம் என்பது தெளிவாகிவிடும்.

இன்னொரு நுணுக்கம். ஆண் கோல்டு ஃபிஷ் இனப்பெருக்கப் பருவத்தில் செவுள் மூடியின் மேலும் முன்துடுப்பின் முதல் முள்ளிலும் வரிசை பிடித்தாற்போல வெள்ளை முத்துக்கள் போடும். அது நோயே அல்ல, பருவக் குறி. புள்ளிகள் அந்த இரண்டு இடத்தில் மட்டும் ஒழுங்காக இருந்து, மீன் நன்றாகத் தின்று சுறுசுறுப்பாகத் திரிந்தால் புட்டியைத் திறக்க வேண்டியதில்லை. மாறாக, உடலில் ஒரு புள்ளிகூட இல்லாமல் செவுளில் மட்டும் ஒட்டுண்ணி குடியேறி மீன் மூச்சுத் திணறிச் சாவதும் உண்டு. புள்ளியை எண்ணுவதைவிட மீன் மூச்சு விடுவதைக் கவனிப்பது நல்லது.

இனி, தொட்டியில் பத்து மீன் இருந்து மூன்றுக்கு மட்டும் நோய் ஏன் வருகிறது? மீன் நோயியல் அறிஞர் ஸ்டானிஸ்லாஸ் ஸ்னீஸ்கோ 1974-ல் எழுதிய கட்டுரையில் இதற்கு ஒரு விடை தந்தார்: நோய்க்கிருமி, மீன், சூழல் ஆகிய மூன்று வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழும் இடத்தில்தான் நோய் பிறக்கிறது. கிருமி இருப்பது மட்டும் போதாது. வயிறு வீங்கி, செதில் விரிந்து சாகும் மீன்களில் அடிக்கடி அகப்படும் ஏரோமோனாஸ் பாக்டீரியா, நல்ல தொட்டித் தண்ணீரிலும் எப்போதும் இருக்கிறது. ஆரோக்கியமான மீனின் வழவழப்பான மேற்பூச்சும் நோய் எதிர்ப்பாற்றலும் அதை வெளியே நிறுத்தி வைக்கின்றன. வெள்ளைப் புள்ளியில் தப்பிப் பிழைத்த மீனுக்கு அந்த ஒட்டுண்ணியை எதிர்க்கும் ஆற்றல் வந்துவிடுகிறது என்பதும் ஆய்வுகளில் உறுதியான செய்தி. ஆகவே கிருமியை ஒழிப்பதைப் போலவே, மீனின் எதிர்ப்பாற்றலைத் தளர்த்துவது எது என்று பார்ப்பதும் வைத்தியம்தான். வீட்டுத் தொட்டியில் அந்தத் தளர்ச்சிக்குப் பெரும்பாலும் காரணம் தண்ணீர்.

தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்திருக்கிறதே என்று கேட்கலாம். மீனைக் கொல்லும் பொருள் கண்ணுக்குத் தெரியாது. மீன் தன் கழிவு நைட்ரஜனைப் பெரும்பாலும் செவுள் வழியாக அமோனியாவாக வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீவனம் அழுகினாலும் அமோனியாதான். தண்ணீரில் அது இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று அவ்வளவாகத் தொல்லை தராத அமோனியம். மற்றது செவுளை அரிக்கும் அமோனியா. எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் காரத்தன்மையும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. 25 பாகையில் பி.எச். 7 என்றால் மொத்தத்தில் சுமார் 0.6 சதவீதம்தான் நச்சு வடிவம். பி.எச். 8 ஆனால் அது 5.4 சதவீதம். பி.எச். 9-ல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் நச்சு அமோனியாவே செவுளைப் பாதிக்கத் தொடங்கிவிடும் என்பதால், சோதனைப் பெட்டியில் மொத்த அமோனியா 1 மில்லிகிராம் என்று காட்டினால் பி.எச். 7 தொட்டியில் பதறத் தேவையில்லை, பி.எச். 8 தொட்டியில் அன்றைக்கே தண்ணீர் மாற்ற வேண்டும். போர் தண்ணீர் பல ஊர்களில் கடினமாகவும் காரமாகவும் இருப்பதால், நம் வீட்டுத் தொட்டிகளில் பல இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. செவுள் அரிபட்ட மீன் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், கல்லில் உடம்பைத் தேய்க்கும், துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் ஒதுங்கும். ஒட்டுண்ணி நோய்க்கும் இதே அறிகுறிகள்தான். மருந்து விட்டால், ஏற்கெனவே புண்பட்ட செவுளின் மேல் இன்னொரு வேதிப்பொருளும் சேர்கிறது.

இதே வேதியியலை ஆன்லைனில் வாங்கிய மீனின் பாலிதீன் பையிலும் பார்க்கலாம். பல மணி நேரம் மூடிக் கிடந்த பைக்குள் மீன் விட்ட கரியமில வாயு தண்ணீரின் பி.எச்.-ஐ இறக்கி வைத்திருக்கும்; சேர்ந்திருக்கும் அமோனியா அதனால் பெரிதாகத் தீங்கு செய்யாமல் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பி.எச். ஏற, அதே அமோனியா சில நிமிடங்களில் நச்சாகத் தொடங்கும். திறந்த பையைத் தொட்டியில் மணிக்கணக்காக மிதக்க விட்டுப் பழக்குவது, நெடுந்தூரம் வந்த மீனுக்கு நல்லதல்ல. மூடிய பையை வெப்பம் சமமாகும் வரை மிதக்கவிட்டு, திறந்த பின் காலம் கடத்தாமல் மீனை மட்டும் எடுத்து விடுவதே சரி. பைத் தண்ணீர் தொட்டிக்குள் போக வேண்டாம். அதில் எந்த ஊர் ஒட்டுண்ணி வருகிறது என்று யார் கண்டது?

அமோனியாவைத் தின்று தீர்க்கும் பாக்டீரியா ஃபில்டர் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் குடியிருக்கிறது. ஒரு கூட்டம் அமோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக்கும். பாடப்புத்தகங்கள் இரண்டாவது வேலையை நைட்ரோபாக்டர் செய்வதாகச் சொல்லி வந்தன. நன்னீர்த் தொட்டிகளில் அதைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1998-ல் டிமோதி ஹோவானெக் குழுவினர் காட்டினார்கள். யார் செய்தாலும், புதுத் தொட்டியில் இந்தக் கூட்டங்கள் பெருகி நிலைக்க ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். புதிதாகத் தொட்டி வாங்கிய உற்சாகத்தில் ஒரே நாளில் பதினைந்து மீனை விடுபவர், இரண்டாவது வாரம் மருந்துக் கடை தேடுவதன் காரணம் இதுதான். பழைய தொட்டியில் அதே விபத்தை நாமே உண்டாக்குகிறோம்: மாதம் ஒருமுறை தொட்டியைக் கவிழ்த்து, கல்லையெல்லாம் அலசி, ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் வெளுக்க வெளுக்கக் கசக்குவது. குளோரின் கலந்த தண்ணீர் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். மறுநாள் தொட்டி பளிச்சென்று இருக்கும். நாலாம் நாள் மீன் மூலையில் இருக்கும். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே ஒருமுறை பிழிந்து மாட்டினால் போதும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ஊர்க் குளத்தில் மாடு குளிக்கிறது, சாக்கடை கலக்கிறது, அங்கே மீன் வாழவில்லையா? வாழ்கிறது. ஆனால் குளத்தில் ஒரு மீனுக்குக் கிடைக்கும் தண்ணீரின் அளவே வேறு. வெயிலில் வளரும் பாசி அமோனியாவை உணவாக எடுத்துக்கொள்கிறது, சேறு முழுக்கப் பாக்டீரியா. விரால் போன்றவை மேலே வந்து நேரடியாகக் காற்றையே சுவாசிக்கும். நம் தொட்டிகளிலும் ஃபைட்டர், கௌராமி இரண்டுக்கும் அந்த வசதி உண்டு. சிறிய கிண்ணத்தில் ஃபைட்டர் உயிரோடு இருப்பது அதன் மூச்சு உறுப்பின் திறமையே தவிர, தண்ணீர் நல்லது என்பதற்குச் சான்று ஆகாது. இரண்டடிக்கு ஓரடி, ஓரடி உயரத் தொட்டி என்றால் கல்லெல்லாம் போக 50 லிட்டர் தேறினால் அதிகம். அதற்குள் எட்டு கோல்டு ஃபிஷ் கழிக்கும் கழிவுக்குக் குளத்தின் கணக்கு பொருந்தாது. தண்ணீரை மாற்றுவதே மீனுக்கு அதிர்ச்சி தரும் என்பது அடுத்த மறுப்பு. மொத்தத் தண்ணீரையும் ஒரேயடியாக மாற்றினால் அது உண்மை. கால் பங்கு தண்ணீரை, குளோரின் நீக்கி, கையில் தொட்டால் அதே வெப்பம் என்ற அளவில் மாற்றினால் அந்த அதிர்ச்சி வருவதில்லை. குளோரின் போக ஒருநாள் திறந்து வைத்து ஏர் பம்ப் ஓடவிடலாம். அவசரத்துக்கு ஹைப்போ என்று கடையில் கிடைக்கும் சோடியம் தயோசல்ஃபேட் சில மணிகளே போதும்.

தண்ணீருக்கு அடுத்து வீட்டில் கைக்கெட்டும் பொருள்களில் மதிப்பு மிக்கது கல் உப்பு. அயோடினும் கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருளும் இல்லாத உப்பு. நன்னீர் மீனின் இரத்தம் சுற்றியுள்ள தண்ணீரைவிடப் பல மடங்கு உப்பானது. அதனால் தண்ணீர் இடைவிடாமல் செவுள் வழியாக உள்ளே கசிந்துகொண்டும், உப்பு வெளியே கசிந்துகொண்டும் இருக்கும். உள்ளே வந்த தண்ணீரைச் சிறுநீரகம் இறைத்து வெளியேற்ற, செவுள்கள் சக்தியைச் செலவழித்து உப்பைத் திரும்ப இழுக்க வேண்டும். நோயுற்ற மீனுக்கு இந்த ஓயாத வேலையே பெரும் சுமை. லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் உப்பு அந்தச் சுமையைக் குறைக்கிறது. நைட்ரைட் ஏறிய தொட்டியில் அது இன்னொரு வேலையும் செய்யும். செவுள் குளோரைடை இழுக்கும் அதே வாசல் வழியாகத்தான் நைட்ரைட் உள்ளே நுழைந்து, இரத்தத்தைப் பழுப்பாக்கி, ஆக்சிஜனைச் சுமக்கவிடாமல் செய்கிறது. உப்பிலுள்ள குளோரைடு அந்த வாசலில் முந்திக்கொள்கிறது. அமெரிக்கக் கெளுத்தி வளர்ப்புக் குளங்களில் இதற்கென்றே உப்புக் கொட்டுகிறார்கள். ஆனாலும் உப்பு சர்வரோக நிவாரணி அல்ல. கோரிடோராஸ் போன்ற செதிலற்ற மீன்களும் பல நீர்ச்செடிகளும் அதைத் தாங்குவதில்லை. கரையும் முன் உப்பை மீன் மேல் கொட்டினால் தோல் வெந்துவிடும். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாகாது என்பதால், குறைந்த தண்ணீருக்கு ஈடாக ஊற்றும்போதெல்லாம் மறுபடி உப்புச் சேர்ப்பதும் தவறு.

எல்லாவற்றையும்விடப் பயத்துக்குரியது மருந்துக் கடை மாத்திரை. மனிதருக்கான டெட்ராசைக்ளின் கேப்சூலைப் பிரித்துத் தொட்டியில் கொட்டும் பழக்கம் பரவலாக இருக்கிறது. நன்னீர் மீன் தண்ணீரை அதிகம் குடிப்பதில்லை. ஆகவே மருந்து உடலுக்குள் போக வழி குறைவு. டெட்ராசைக்ளினோ கடினத் தண்ணீரிலுள்ள கால்சியத்தோடும் மக்னீசியத்தோடும் பிணைந்துகொண்டு மீனுக்குள் நுழைவதையும் நிறுத்திவிடும். தொட்டியைக் காக்கும் பாக்டீரியாவுக்கோ அது ஆபத்து. பலன் மீனுக்கும் இல்லை, ஃபில்டருக்கும் இல்லை. லாபம் பெறுவது அரைகுறை மருந்தில் பிழைத்துப் பழகும் கிருமிகள் மட்டும். நம் நாட்டுச் சட்டப்படி இவை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலிலுள்ள மருந்துகள் என்பதையும் இங்கே நினைவில் வைக்கலாம். பாக்டீரியா நோய் என்று உறுதியானால், மருந்து கலந்த தீவனமே தண்ணீரில் கலந்த மருந்தைவிடப் பலன் தரும். அதுவும் மீன் இன்னும் தின்றுகொண்டிருக்கும்போது தொடங்க வேண்டும்.

உறுதியாவதுதான் கஷ்டம். மீனின் வாயோரம் வெள்ளைப் பஞ்சு போலப் படர்ந்தால் காளான் என்று நினைத்து மருந்து போடுவார்கள். அது பலநேரம் ஃப்ளேவோபாக்டீரியம் காலம்னேர் என்ற பாக்டீரியா. வெள்ளைப் புள்ளிக்கு ஹீட்டரை 30 பாகைக்கு ஏற்றுவது நல்ல உத்தி, அந்த வெப்பத்தில் ஒட்டுண்ணி பெருகத் திணறும். அதே வெப்பம் இந்தப் பாக்டீரியாவுக்கு விருந்து. சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறையும். 20 பாகையில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும் இடத்தில் 30 பாகையில் ஏழரைதான். வெப்பம் ஏற்றினால் ஏர் பம்ப்பையும் கூட்ட வேண்டும். மஞ்சள் தூள், வேப்பிலை, வாதுமை இலை பற்றியும் கேட்பார்கள். வாதுமை இலைச்சாறு தண்ணீரைச் சற்று அமிலமாக்குவது உண்மை, ஃபைட்டர் வளர்ப்போர் அதை விரும்புவதில் பொருளுண்டு. மஞ்சளின் குர்குமின் தண்ணீரில் கரைவதே அரிது. தொட்டியைக் கலக்குவதைத் தவிர அது எதைச் செய்யும் என்று தெளிவாகச் சொல்ல முடியாது.

பத்து ரூபாய் மீனுக்கு இவ்வளவு பாடா, செத்தால் வேறு வாங்கிக்கொள்ளலாமே என்பார்கள். கணக்கு சரிதான், அந்த மீன் செத்த தண்ணீரிலேயே அடுத்த மீனும் விடப்படுவதால்தான் சிக்கல். அமோனியா சோதனைப் பெட்டி ஒன்றின் விலை, மாதாமாதம் மாற்றும் மீன்களின் விலைக்கு முன் நிற்காது. மருந்துக்கே இடமில்லை என்றும் பொருளல்ல. மீன் உடம்பில் கயிறு போலத் தொங்கும் நங்கூரப் புழுவும் செவுள் புழுவும் தண்ணீர் மாற்றினால் மட்டும் போகாது. அவற்றுக்கென்றே மருந்து உண்டு. மருந்து விடும்போது ஃபில்டரிலிருக்கும் கரியை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மருந்தை அது உறிஞ்சிக்கொள்ளும். முடிந்தவரை நோயாளி மீனைக் கல்லில்லாத வெறும் டப்பில் தனியாக வைத்து மருந்து தந்தால் தொட்டியின் பாக்டீரியா தப்பும். வெள்ளைப் புள்ளிக்கு மட்டும் தனிமைப்படுத்துவது போதாது. தொட்டி முழுக்க உறைகள் கிடக்கும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொட்டிக்குள் கைவிடாதிருப்பது நம் பாதுகாப்புக்கு. 1926-ல் ஃபிலடெல்ஃபியா மீன் காட்சியகத்தில் செத்த மீன்களில் கண்டெடுத்த மைக்கோபாக்டீரியம் மரைனம் மனிதத் தோலிலும் ஆறாத புண்களை உண்டாக்கும்.

செதில்கள் பலாக்காய்த் தோலாக விரிந்து, வயிறு உப்பி, பல நாளாகத் தின்னாமல் ஒருக்களித்துக் கிடக்கும் மீனின் சிறுநீரகம் பெரும்பாலும் போய்விட்டிருக்கும். அதை உப்பாலும் மருந்தாலும் நாட்கணக்கில் இழுத்தடிப்பது கருணை ஆகாது. கிராம்பு எண்ணெயிலுள்ள யூஜினால் மீனுக்கு நல்ல மயக்க மருந்து. கொஞ்சம் வெந்நீரில் நன்றாகக் குலுக்கி, லிட்டருக்கு 0.4 மில்லிலிட்டர் என்ற அளவில் தனிப் பாத்திரத்தில் கலந்து அதில் விட்டால் மீன் உணர்விழந்து அடங்கும். செவுள் அசைவு நின்ற பிறகும் பத்து நிமிடம் அப்படியே விட வேண்டும். மீனை ஏரியிலோ கிணற்றிலோ வீசாமல் மண்ணில் புதைத்துவிட்டு, டப்பையும் வலையையும் கழுவி நல்ல வெயிலில் முழுதாகக் காயவைத்தால், வெள்ளைப் புள்ளி உயிரி எந்த நிலையில் ஒட்டியிருந்தாலும் அதில் பிழைக்காது.